விபத்தைப் பார்த்தவர் என்ன செய்ய வேண்டும்? முதன்முறை உதவுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

“நமக்கு எதுக்குங்க வம்பு? அப்புறம் ஸ்டேஷன், கோர்ட்டுனு யார் அலையறது?” சாலையில் ஒருவர் அடிபட்டுக் கிடக்கும்போது சுற்றி நிற்கும் கூட்டத்தில் இந்தப் பேச்சு அநேகமாகக் கேட்கும். இப்படிச் சொல்பவர்கள் இரக்கம் இல்லாதவர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஒரு காலத்தில் அந்தப் பயத்துக்கு நியாயம் இருந்தது. கொண்டுபோய்ச் சேர்த்தவரையே உட்கார வைத்து விசாரிப்பதும், “நீதான் இடிச்சியா?” என்று கேட்பதும், அட்மிஷனுக்குப் பணம் கட்டச் சொல்வதும் சர்வசாதாரணமாக நடந்தன.

சட்டம் இப்போது மாறிவிட்டது. உதவுபவர்களைப் பாதுகாக்க மத்திய அரசு 2015-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளுக்கு, சாலைப் பாதுகாப்புக்காகச் செயல்படும் சேவ்லைஃப் அறக்கட்டளை தொடுத்த வழக்கில் 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் சட்ட வலு கொடுத்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவு சேர்ந்தது. நல்லெண்ணத்தோடு, பலன் எதிர்பாராமல், தானாக முன்வந்து உதவியவர் மீது, உதவும்போது ஏதோ தவறி அடிபட்டவரின் நிலைமை மோசமானால்கூட, சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ போட முடியாது. 2020-இல் வந்த விதிகள் இன்னும் ஒரு படி மேலே போய், உதவியவரின் பெயரையோ முகவரியையோ சொல்லும்படி காவலர் உட்பட யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கின்றன.

இந்தப் பாதுகாப்பு வழியில் வந்தவருக்குத்தான். மோதிய வண்டியை ஓட்டியவர் நீங்கள் என்றால் உங்கள் கடமை வேறு. அடிபட்டவருக்குச் சிகிச்சை கிடைக்க ஏற்பாடு செய்வதும் காவல்துறைக்குத் தெரிவிப்பதும் 134-ஆம் பிரிவின்படி உங்கள் தலையில் விழும்.

ஆக, இன்றைக்கு நம் கையைக் கட்டிப்போடுவது என்ன செய்வதென்று தெரியாத திகைப்பு. அதில் இரண்டு தவறுகள் நடக்கின்றன. ஒன்று, நின்று வேடிக்கை பார்ப்பது. மற்றொன்று, வந்த வேகத்தில் அள்ளித் தூக்கிக் கிடைத்த ஆட்டோவில் திணிப்பது. இரண்டாவதைச் செய்பவர்களின் மனசு தங்கமானது. ஆனால் கழுத்தெலும்பு முறிந்தவரை அப்படித் தூக்கினால், பிழைத்தாலும் காலமெல்லாம் படுக்கையில் கிடக்க நேரலாம். அதனால் ஒவ்வொன்றையும் அதன் வரிசையில் சொல்கிறேன்.

முதலில் உங்கள் வண்டி, உங்கள் உயிர்

விபத்து நடந்த இடத்துக்கு நேரே வண்டியை நிறுத்தாதீர்கள். தாண்டிப் போய் ஓரம்கட்டி, நான்கு இண்டிகேட்டரையும் போடுங்கள். நான்குவழிச் சாலையில் முதல் விபத்தைவிட, அதைப் பார்க்க நின்றவர்கள் மீது பின்னால் வரும் லாரி ஏறுவது பெரிய ஆபத்து. இரவாக இருந்தால் யாராவது ஒருவரைப் பின்பக்கமாக நூறு, நூற்றைம்பது மீட்டர் தள்ளி, தார்ச்சாலையில் ஏறாமல் ஓரமாக நிற்க வைத்து, செல்போன் டார்ச்சை ஆட்டி வண்டிகளை மெதுவாக வரச் சொல்லுங்கள். காரில் சிவப்பு முக்கோணப் பலகை இருந்தால் அங்கே வையுங்கள்.

பெட்ரோல் ஒழுகுகிறதா என்று பாருங்கள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் சாவியைத் திருப்பி நிறுத்துங்கள். பக்கத்தில் யாராவது பீடி, சிகரெட் பற்றவைத்திருந்தால் விரட்டுங்கள். மின்கம்பத்தில் மோதி ஒயர் கீழே கிடந்தால் கிட்டவே போகாதீர்கள், வேறு யாரையும் விடாதீர்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லி, லைனை நிறுத்திய பிறகுதான் நெருங்க வேண்டும். கேஸ் டேங்கரோ ரசாயன லாரியோ கவிழ்ந்திருந்தால் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக விலகி நின்று தீயணைப்புத் துறையை அழைப்பது மட்டுமே உங்கள் வேலை.

போன்: ஒரு நிமிடத்தில் முடிய வேண்டிய வேலை

“யாராவது ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்கப்பா!” என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினால் யாரும் சொல்ல மாட்டார்கள். ஒவ்வொருவரும் இன்னொருவர் சொல்லியிருப்பார் என்று நினைப்பார்கள். ஒருவரைக் கைகாட்டி, “நீல சட்டை அண்ணே, நீங்க 108-க்கு அடிங்க, ஸ்பீக்கர்ல போடுங்க” என்று சொல்லுங்கள். தனியாக இருந்தால் நீங்களே அடியுங்கள்.

இந்தியா முழுவதற்கும் 112 அவசர எண். தமிழ்நாட்டில் ஆம்புலன்ஸுக்கு 108 எல்லாருக்கும் பழகியது. தேசிய நெடுஞ்சாலையில் என்றால் 1033-க்கும் சொல்லலாம். சுங்கச்சாவடியில் நிற்கும் ஆம்புலன்ஸும் ரோந்து வண்டியும் சில சமயம் முதலில் வந்துவிடும்.

போனில் பேசுபவருக்கு முக்கியமாகத் தெரிய வேண்டியது இடம். பதற்றத்தில் “பைபாஸ்ல, பெரிய பாலத்துக்குப் பக்கத்துல” என்று சொன்னால் அந்த வழியில் பத்துப் பாலம் இருக்கும். இப்படிச் சொல்லிப் பழகுங்கள்:

“மேடம், ஆக்சிடென்ட். திண்டிவனத்துல இருந்து விழுப்புரம் போற பக்கம், விக்கிரவாண்டி டோல்கேட்டுக்கு முன்னாடி. பைக்கும் வேனும். ரெண்டு பேருக்கு அடி. ஒருத்தர் பேசறார். இன்னொருத்தருக்கு நினைவு இல்ல, மூச்சு இருக்கு. யாரும் உள்ள மாட்டிக்கல.”

எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போகும் பக்கம் என்பது மிக முக்கியம். நடுவில் தடுப்பு இருக்கும் சாலையில் எதிர்ப்பக்கம் வரும் ஆம்புலன்ஸ் திரும்பி வரப் பல கிலோமீட்டர் போக வேண்டியிருக்கும். பக்கத்தில் கிலோமீட்டர் கல் இருந்தால் அதிலுள்ள எண்ணைப் படியுங்கள். கிராமத்துச் சாலையில் மின்கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணும் உள்ளூர்க்காரர்களுக்கு உதவும். அவர்கள் வைக்கச் சொல்லும் வரை போனை வைக்காதீர்கள். ஆம்புலன்ஸ் ஓட்டுநர் உங்கள் எண்ணுக்குத்தான் கூப்பிடுவார். சாலைச் சந்திப்பில் ஒருவரை நிறுத்தி வழிகாட்டச் சொல்லுங்கள்.

யாரை முதலில் பார்ப்பது?

கத்துகிறவரிடம்தான் எல்லாரும் ஓடுவார்கள். கத்துகிறவருக்கு மூச்சு ஓடுகிறது, நினைவும் இருக்கிறது. சத்தமில்லாமல் கிடப்பவரை முதலில் பாருங்கள். அதோடு, டார்ச் அடித்துச் சுற்றுவட்டாரத்தையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். பைக்கில் பின்னால் இருந்தவர், மடியில் இருந்த குழந்தை, இவர்கள் தூக்கி எறியப்பட்டு நடுத்தடுப்பின் அரளிச் செடிக்குள்ளோ பள்ளத்திலோ கிடந்திருக்கலாம். நினைவோடு இருப்பவரிடம் “வண்டியில எத்தனை பேர் வந்தீங்க?” என்று கேளுங்கள்.

நினைவு இருப்பவரிடம் அவர் முகத்துக்கு நேரே வந்து பேசுங்கள். பக்கவாட்டிலிருந்து கூப்பிட்டால் தலையைத் திருப்புவார். கழுத்தில் அடி இருந்தால் அது கூடாது. “தம்பி, தலையை ஆட்டாதீங்க. நான் பக்கத்துலதான் இருக்கேன். ஆம்புலன்ஸ் வந்துக்கிட்டிருக்கு. உங்க பேர் என்ன?” இது வெறும் ஆறுதல் மட்டும் இல்லை. அவர் பேசுகிறாரா, குழறுகிறாரா, கேட்டதையே திரும்பக் கேட்கிறாரா என்று தெரிந்துவிடும். முதலில் தெளிவாகப் பேசியவர் பிறகு குழறினால் அதை ஆம்புலன்ஸில் வருபவரிடம் தவறாமல் சொல்லுங்கள். தலைக்குள் ரத்தம் கசிவதற்கான அடையாளமாக இருக்கலாம்.

ரத்தம் பீறிட்டால் அழுத்துங்கள். துண்டு, துப்பட்டா, கைக்குட்டை, எது சுத்தமாகக் கிடைக்கிறதோ அதை நான்காக மடித்துக் காயத்தின் மேல் வைத்து உள்ளங்கையால் பலமாக அழுத்தி, குறைந்தது பத்து நிமிடம் எடுக்காமல் பிடியுங்கள். நின்றுவிட்டதா என்று இடையில் எடுத்துப் பார்ப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. உறைய ஆரம்பித்த ரத்தம் அதோடு பிய்ந்து வந்துவிடும். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்றை வையுங்கள். கம்பியோ கண்ணாடியோ குத்தியிருந்தால் பிடுங்கக் கூடாது, அதைச் சுற்றி அழுத்த வேண்டும். கையுறை இல்லையென்றால் பிளாஸ்டிக் கவரைக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள். காப்பித் தூள், மஞ்சள் தூள் போடுபவர்களைத் தடுத்துவிடுங்கள்.

நினைவில்லாமல் மூச்சு மட்டும் இருப்பவர் வாந்தி எடுத்தாலோ, வாயில் ரத்தம் தேங்கினாலோ, தொண்டை அடைத்துப் போகும். அப்போது தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒரே கோட்டில் இருக்கும்படி இரண்டு மூன்று பேர் சேர்ந்து, ஒருவர் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ள, ஒரே சமயத்தில் பக்கவாட்டில் சாய்த்துவிடுங்கள்.

மூச்சே இல்லை, அல்லது எப்போதாவது ஒரு முறை விக்குவதுபோல் வருகிறது என்றால் சிபிஆர், அதாவது நெஞ்சை அழுத்தி ரத்த ஓட்டத்தை நடத்தும் முதலுதவி, செய்ய வேண்டும். நெஞ்சின் நடுவில் ஒரு உள்ளங்கை மேல் இன்னொன்றை வைத்து, முழங்கை மடங்காமல், ஐந்து ஆறு சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். கை ஓய்ந்தால் ஆள் மாற்றிக்கொள்ளுங்கள். விபத்தில் மூச்சு நின்றவர்களைப் பிழைக்க வைப்பது கடினம் என்பது உண்மை. அதற்காகச் செய்யாமல் விடுவதற்கில்லை.

ஹெல்மெட்டைக் கழற்றலாமா என்று பலரும் கேட்கிறார்கள். மூச்சு சீராக இருந்தால் வேண்டாம். முகக் கண்ணாடியை மேலே தூக்கி, தாடைப் பட்டையைத் தளர்த்தினால் போதும். மூச்சு தடைபட்டால் மட்டும் கழற்ற வேண்டும், அதற்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் கீழிருந்து தாடையையும் பிடரியையும் தாங்கிப் பிடிக்க, மற்றவர் ஹெல்மெட்டின் இரு பக்கத்தையும் விரித்து மெதுவாக உருவ வேண்டும்.

விரலோ கையோ துண்டாகியிருந்தால் அதைத் தேடி எடுங்கள். சுத்தமான துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் உள்ள இன்னொரு கவரில் வையுங்கள். சதையில் ஐஸ் நேரடியாகப் பட்டால் திசு கெட்டு, மறுபடி ஒட்டவைக்க முடியாமல் போகலாம்.

தண்ணீர், சோடா, சாவி

கூட்டத்தில் ஒரு பெரியவர் கட்டாயம் சோடா பாட்டிலோடு வருவார். அவர் அன்பைப் புண்படுத்தாமல், ஆனால் உறுதியாகத் தடுக்க வேண்டும். அரை நினைவில் இருப்பவர் வாயில் ஊற்றும் தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கும். வயிற்றில் போனாலும், உடனே ஆபரேஷன் தேவைப்பட்டால் மயக்க மருந்து கொடுக்கும்போது வாந்தியாக மேலே வந்து ஆபத்தாகும். “ஐயா, டாக்டர் பார்க்கிற வரைக்கும் எதுவும் குடுக்கக் கூடாதுங்க, துணியை நனைச்சு உதட்டுல மட்டும் ஒத்துங்க” என்றால் கேட்டுக்கொள்வார். முகத்தில் தண்ணீர் தெளிப்பதும் வேண்டாம். வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பது நம் ஊர்ப் பழக்கம். அதனால் வலிப்பு நிற்காது. சுற்றியிருக்கும் கல், கண்ணாடியை அகற்றி, அவர் தலை தரையில் மோதாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மோதிய ஓட்டுநரை அடிக்கக் கை ஓங்குபவர்களையும் தடுப்பது பார்த்தவரின் பொறுப்பு என்றே நான் சொல்வேன். ஓட்டுநர்கள் ஓடிப்போவதற்கு ஒரு பெரிய காரணம் அந்த அடிக்குப் பயம். அடிபட்டவரைக் கவனிக்க வேண்டிய ஓட்டுநரின் கடமையைச் சொல்லும் சட்டப் பிரிவே, கூட்டத்தின் ஆவேசத்தால் அது முடியாமல் போனால் விதிவிலக்குக் கொடுக்கிறது. வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டு அவரை ஓரமாக உட்கார வையுங்கள். அவருக்கும் அடி இருக்கலாம்.

எப்போது நாமே தூக்கிப் போகலாம்?

தீ, வெள்ளம், அடுத்த வண்டி வந்து மோதும் அபாயம், அல்லது ஆம்புலன்ஸ் வர நெடுநேரம் ஆகும் என்று 108-இலேயே சொல்லிவிட்ட நிலை. இவற்றைத் தவிர, காத்திருப்பதே நல்லது. சட்டம் பொன்னான நேரம் என்று விபத்துக்குப் பிந்தைய ஒரு மணி நேரத்தைக் குறிப்பிடுகிறது. அதற்காகப் பறக்க வேண்டியதில்லை. பத்து நிமிடத்தில் வரும் ஆம்புலன்ஸில் ஆக்ஸிஜனும் கழுத்துப் பட்டையும் பயிற்சி பெற்ற ஆளும் இருப்பார்கள்.

தூக்கியே ஆக வேண்டும் என்றால் நான்கைந்து பேர் சேருங்கள். பலகை, கதவு, கயிற்றுக் கட்டிலைவிட விறைப்பான எதுவும் நல்லது. தலைக்கு ஒருவர், அவர் சொல்லும்போது எல்லாரும் ஒன்றாகத் தூக்க வேண்டும். கால் நீட்டிப் படுக்க வைக்கும் வண்டியைத் தேடுங்கள். குட்டி யானை, ஆம்னி வேன், ஜீப் எதுவானாலும் சரி. அடிபட்டவரை பைக்கில் நடுவில் உட்கார வைத்து, பின்னால் ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு போகும் காட்சியை நம் ஊர்களில் அடிக்கடி பார்க்கிறோம். தலை முன்னும் பின்னும் தொங்கி ஆடும், கால் தரையில் உரசும். தலையிலோ முதுகிலோ அடிபட்டவரை இப்படிக் கொண்டுபோகவே கூடாது.

எந்த ஆஸ்பத்திரி என்பதை 108-இல் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஸ்கேனும் அறுவை அரங்கும் இல்லாத இடத்துக்குப் போனால் அங்கிருந்து மறுபடி அனுப்பத்தான் செய்வார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில்

“இது போலீஸ் கேஸ், முதல்ல ஸ்டேஷன்ல சொல்லிட்டு வாங்க” என்று எந்த மருத்துவமனையும் சொல்ல முடியாது. ஸ்கூட்டரில் வந்து அடிபட்ட ஒருவரைச் சேர்க்காமல், இருபது கிலோமீட்டர் தள்ளி இருந்த வேறு மருத்துவமனைக்கு அனுப்ப, வழியிலேயே அவர் இறந்துபோன சம்பவத்தை வைத்துத்தான் பரமானந்த் கட்டாரா வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1989-இல் வந்த அந்தத் தீர்ப்பு, அரசோ தனியாரோ, எந்த மருத்துவரும் உயிரைக் காப்பதுதான் முதல் கடமை, சட்ட நடைமுறை அதற்குக் குறுக்கே வரக் கூடாது என்றது.

பணத்தைப் பற்றியும் கவலைப்பட வேண்டாம். சேர்த்தவர் உறவினராக இல்லாதபோது அவரிடம் பதிவுக் கட்டணமோ முன்பணமோ கேட்கக் கூடாது, அவரை நிறுத்தி வைக்கவும் கூடாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் 18-இல் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் இலவசம். அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும் பொருந்தும். சேர்க்கும்போதே “நம்மைக் காக்கும் 48-ல போடுங்க” என்று கேளுங்கள். 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட மத்திய அரசுத் திட்டத்தில் ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை பணமில்லாச் சிகிச்சைக்கு வழி இருக்கிறது.

மருத்துவரிடம் நான்கு விஷயம் சொல்லிவிட்டுக் கிளம்பலாம்: எத்தனை மணிக்கு நடந்தது, எப்படி மோதியது, இடையில் நினைவு தப்பியதா, நீங்கள் என்ன முதலுதவி செய்தீர்கள். வேண்டுமானால், சேர்த்ததற்கு ஓர் ஒப்புகைச் சீட்டையும் கேட்டு வாங்கலாம்.

வீட்டுக்குச் சொல்வது

அடிபட்டவரின் போன் ஒலித்தால் எடுங்கள். திரையில் ‘அம்மா’ என்று வந்தால் குரல் நடுங்கத்தான் செய்யும். “அம்மா, உங்க பையன் வண்டியில வந்து விழுந்துட்டாருங்க. அடிபட்டிருக்கு. முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போறாங்க. நீங்க தனியா கிளம்பாதீங்க, யாரையாவது கூட்டிட்டு வாங்க.” இவ்வளவு போதும். உயிர் இருக்கிறதா இல்லையா என்று சொல்லும் வேலை மருத்துவருடையது. போன், பர்ஸ், கழுத்துச் சங்கிலி போன்றவற்றை 108 ஊழியரிடமோ காவலரிடமோ இன்னொருவர் முன்னிலையில் ஒப்படையுங்கள்.

அடிபட்டவர் முகத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். ஒரு தாய் தன் மகனின் செய்தியைத் தெருக்குழுவில் வந்த படத்திலிருந்து தெரிந்துகொள்ள நேர்வதைவிடக் கொடுமை இல்லை. எடுக்க வேண்டிய படங்கள் வேறு: வண்டிகள் நின்ற நிலை, நம்பர் பிளேட், டயர் தேய்ந்த தடம், சாலையில் இருந்த குழி, அணைந்து கிடந்த தெருவிளக்கு. முதலுதவி முடிந்த பிறகு, வண்டிகளை நகர்த்துவதற்கு முன்னால் இவற்றை எடுத்துக் காவல்துறையிடம் மட்டும் கொடுங்கள்.

நீங்கள் கண்ணால் பார்த்தது

விபத்துக்குப் பிறகு வந்து உதவியவர் அதோடு வீட்டுக்குப் போகலாம். மோதியதைக் கண்ணால் பார்த்தவர் என்றால், நீங்களாக முன்வந்து பெயரைக் கொடுங்கள் என்பது என் வேண்டுகோள். கட்டாயம் இல்லைதான். ஆனால் அந்தக் குடும்பத்துக்கு அதனால் எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். இடித்த வண்டி எதென்றே தெரியாமல் போனால், அரசுத் திட்டத்தில் கிடைப்பது மரணத்துக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய். வண்டி எண் தெரிந்தால் இறந்தவரின் வயது, வருமானம், அவரை நம்பியிருப்பவர்கள் எல்லாவற்றையும் கணக்கிட்டு விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் தீர்மானிக்கும் தொகையைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்கலாம். இரண்டு பிள்ளைகளின் படிப்பு நீங்கள் குறித்த அந்த எண்ணில் இருக்கிறது. ஓடிய வண்டியின் முழு எண் தெரியவில்லையா? கடைசி நான்கு இலக்கம், நிறம், பின்னால் எழுதியிருந்த வாசகம், எதுவானாலும் உதவும்.

அன்றைக்கே, மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக் குழம்புவதற்கு முன், பார்த்ததை எழுதி வையுங்கள், அல்லது போனில் குரலாகப் பதிந்து வையுங்கள். மணி, திசை, எந்த வண்டி எந்தப் பக்கம் வந்தது, விளக்கு எரிந்ததா, ஹாரன் கேட்டதா. பார்த்ததையும் பிறர் சொல்லக் கேட்டதையும் தனித்தனியாக. “வேகமா வந்தான்” என்பது உங்கள் அபிப்பிராயம். “சிக்னல் சிவப்புல இருந்தப்போ தாண்டினான்” என்பது சாட்சியம்.

சாட்சி சொல்லச் சம்மதித்தால் உங்களை ஒரே முறைதான் விசாரிக்க வேண்டும். உங்கள் வீட்டிலோ கடையிலோ, உங்களுக்குத் தோதான நேரத்தில், காவலர் சாதாரண உடையில் வர வேண்டும். ஸ்டேஷனில் வைத்து விசாரித்தால் அதற்கான காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். போலீஸிடம் விசாரணையில் கொடுக்கும் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நீதிமன்றத்திலும் பிரமாணப் பத்திரமாகச் சாட்சியம் கொடுக்க வழி உண்டு. எல்லா ஸ்டேஷனிலும் எல்லாரும் இந்த விதிகளை மனப்பாடமாக வைத்திருப்பார்கள் என்று சொல்ல மாட்டேன். “134ஏ” என்ற ஒரு வார்த்தையை அமைதியாகச் சொல்லிப் பாருங்கள், பேச்சின் தொனி மாறும். உயிரைக் காப்பாற்றியவர்களுக்கு மத்திய அரசின் ‘ராஹ்-வீர்’ திட்டத்தில் 25,000 ரூபாயும் சான்றிதழும் உண்டு. முன்பு அது 5,000-ஆக இருந்தது.

வீடு திரும்பிய பிறகு

சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். உங்கள் கையில் ஏற்கெனவே வெட்டுக்காயம் இருந்து அதில் ரத்தம் பட்டிருந்தாலோ, கண்ணில், வாயில் தெறித்திருந்தாலோ, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவை என்று மருத்துவர் முடிவு செய்தால் அதை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

சில நாளைக்குத் தூக்கம் வராமல் போகலாம். பிரேக் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கும். நாம் இன்னும் கொஞ்சம் சீக்கிரம் போயிருந்தால் பிழைத்திருப்பாரோ என்று மனசு கேட்டுக்கொண்டே இருக்கும். இதை வீட்டில் யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். வாரக்கணக்கில் விடவில்லையென்றால் அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸ் எண் 14416-க்கு அடியுங்கள், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

அடுத்த முறைக்காக வண்டிப் பெட்டியில் இரண்டு ஜோடிக் கையுறை, ஒரு டார்ச், துவைத்த பருத்தித் துண்டு ஒன்றைப் போட்டு வையுங்கள். செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் முதலுதவிப் பயிற்சி நடத்துகின்றன. சிபிஆரைப் படித்து மட்டும் கற்றுக்கொள்ள முடியாது, பொம்மையின் நெஞ்சில் ஒரு தடவையாவது அழுத்திப் பார்த்திருக்க வேண்டும்.